கேபின் ஒரு பக்கம், தொட்டி ஒரு பக்கம்!
பழைய சரக்கு வண்டியைப் புதுப்பிக்கும் வணிகர்கள் கவனத்துக்கு

தாம்பரம் சண்முகம் சாலையில் விடியற்காலை நாலரை மணிக்கு நின்று பார்த்தால் நமது வணிகர்களின் வண்டிகள் வரிசையாக வருவதைக் காணலாம். பெரும்பாலும் குட்டி யானைகள். நடுநடுவே பழைய 207 பிக்கப் ஒன்றிரண்டு. அவற்றைப் பின்னாலிருந்து சற்று உற்றுப் பாருங்கள். கேபின் சாலையைப் பார்த்துப் போகும். பின் தொட்டி கொஞ்சம் பக்கத்துக் கடையைப் பார்த்துப் போகும். கேபினுக்கும் தொட்டியின் முன் தட்டுக்கும் நடுவே இடது பக்கம் இரண்டு விரல் நுழையும், வலது பக்கம் ஒரு ரூபாய்க் காசுகூட நுழையாது. "பழைய வண்டிதானே, ஓடுகிற வரைக்கும் ஓடட்டும்" என்று நாம் விட்டுவிடுகிறோம்.

நாங்களும் அப்படித்தான் விட்டோம். அதற்குக் கொடுத்த விலையைச் சங்கக் கூட்டத்தில் பேச்சோடு பேச்சாகச் சொன்னபோது, "இதை எழுதுங்கள், நாலு பேருக்குப் பயன்படும்" என்று அன்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். நாங்கள் மெக்கானிக் அல்ல. மளிகைக் கடைக்காரர்கள் எந்த அளவுக்கு இதைப் புரிந்துகொண்டோமோ அந்த அளவுக்கு எழுதுகிறோம்.

எங்கள் கடை சேலையூரில். வண்டி 1997 மாடல் 207. டாடா கம்பெனி 1988-ல் டாடாமொபைல் 206 என்று விட்ட வண்டியின் வழி வந்தது இது. அதே குடும்பத்தில்தான் 1991-ல் சியரா காரும் 1994-ல் சுமோவும் பிறந்தன. 2005-ல் ஏஸ் வண்டி வந்து 'குட்டி யானை' என்று பெயரெடுக்கும் முன்பு, ஒரு டன் சரக்குக்குச் சொந்த வண்டி வேண்டும் என்ற மளிகைக்காரருக்கு 207-ம் மேட்டடோரும்தான் கதி. கொத்தவால் சாவடி இருந்த காலத்தையும், 1996-ல் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போன காலத்தையும் பார்த்த வணிகர்களுக்கு இது தெரியும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த வண்டி முடிச்சூரில் குடோன் வாசலில் நின்றது. இரண்டு நாள் கேபின் சீட் வரை தண்ணீர். அதன் பிறகு மூலையில் ஒதுக்கிப் போட்டுவிட்டு வாடகை வண்டியில் காலம் தள்ளினோம். 2018-ல்தான் புதுப்பிக்கலாம் என்று முடிவு செய்தோம். புது வண்டிக்குக் கடன் வாங்கினால் மாதத் தவணை. பழைய வண்டியைச் சரி செய்தால் ஒரே செலவு. கணக்கு சரியான கணக்குதான். ஆள்தான் சரியில்லை.

பட்டறையின் பெயர் வேண்டாம். தொட்டியைக் கழற்றினார்கள், துருப்பிடித்த தரைத் தகட்டை வெட்டி எறிந்து புதுத் தகடு போட்டார்கள், சேஸுக்குக் கறுப்பு அடித்தார்கள், தொட்டியை மாட்டி பெயிண்ட் முடித்தார்கள். வண்டி புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது. எஃப்.சி.யும் ஆயிற்று. கேபின் ஆடுகிறது என்று நாங்கள் சொல்ல, பிறகு கேபினைத் தாங்கும் முன் பக்க ரப்பர்களை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள்.

பொங்கலுக்கு முந்தைய வாரம், எண்ணெய் டின்னும் வெல்லமும் ஏற்றிக்கொண்டு கடைசித் தம்பி கேம்ப் ரோடு வழியாக வந்திருக்கிறான். வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியதும் 'படார்' என்று சத்தம். கேபினின் பின் கண்ணாடி நொறுங்கி அவன் கழுத்துக்குப் பின்னால் கொட்டியது. வலது கதவு திறக்கவில்லை. இடது கதவு வழியாக இறங்கினான். இறங்கிப் பார்த்தால் இடது பின் டயரின் வெளிப்பக்கம் தொட்டி விளிம்பில் உரசி, ரப்பர் நாராகக் கிழிந்திருந்தது. டயர் வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று இரவு வீட்டில் யாரும் வாய் திறந்து பேசவில்லை. கண்ணாடி, டயர் எல்லாம் வாங்கிவிடலாம். பொங்கல் வாரத்தில் பன்னிரண்டு நாள் வண்டி நின்றதே, அதை எங்கே போய் வாங்குவது?

ஸ்பேனரைத் தொடாத மேஸ்திரி

பெருங்களத்தூரில் ஒரு மேஸ்திரியைக் காட்டினார்கள். அவருடைய தகப்பனார் அங்கேயே ஜி.எஸ்.டி. சாலையில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1961 முதல் ஹெரால்டு கார் செய்த கம்பெனி அது. 'ஸ்டாண்டர்டு 20' என்ற சரக்கு வண்டியும் அங்கே உருவானதுதான்; அந்நாளில் ஆம்புலன்ஸாகவும் சரக்கு வேனாகவும் நம் பக்கம் நிறைய ஓடியது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரைக் கொண்டுவந்தார்கள், விற்பனை கைகொடுக்கவில்லை. 1988-ல் உற்பத்தி நின்றது. இன்று அந்த இடத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் வளாகம் நிற்கிறது. தொழிற்சாலை போனாலும் தொழில் கொஞ்சம் அக்கம்பக்கத்தில் தங்கியிருக்கிறது என்பது எங்கள் எண்ணம்.

மேஸ்திரி அரை நாள் ஸ்பேனரையே தொடவில்லை. ஒரு தூக்குக்குண்டு, ஒரு சாக்பீஸ், கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டம், ஒரு டேப். அவ்வளவுதான்.

"என்ன மேஸ்திரி, வேலை ஆரம்பிக்கலையா?" என்றோம்.

"ஆரம்பிச்சாச்சு அண்ணாச்சி. கோணல் எங்கேன்னு தெரியாம போல்ட்ட அவுத்தா, அது இன்னொரு இடத்துக்குப் போயி ஒளிஞ்சுக்கும்" என்றார்.

அவர் முதலில் கேட்ட கேள்வி: வண்டி தரையைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறதா, அல்லது கேபினும் தொட்டியும் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்திருக்கின்றனவா? நமக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். இரண்டும் வேறு. கேபினும் தொட்டியும் ஒரே சேஸின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஸ்பிரிங் பட்டை ஒரு பக்கம் தளர்ந்தால் இரண்டும் சேர்ந்தே சாயும். நடுவிலுள்ள இடைவெளி மாறாது. இடைவெளி மாறியிருந்தால் குற்றம் சேஸில், அல்லது கேபின் ரப்பரில், அல்லது தொட்டியில். இது தெரியாமல் ஸ்பிரிங் பட்டைக்குச் செலவழித்துவிட்டு, "இன்னும் கோணல் போகவில்லையே" என்று தலையில் கை வைத்தவர்கள் நம்மில் உண்டு.

அடுத்து சேஸ். நல்ல சிமெண்ட் தரையில் வண்டியை நிறுத்தி, தொட்டியைத் தூக்கிவிட்டு, இரண்டு நீளச் சட்டங்களிலும் எதிரெதிராக உள்ள கம்பெனித் துளைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, தரையில் நாலு புள்ளி வைத்தார். மூலைக்கு மூலை அளந்தார். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சேஸ் சதுரம். இல்லையென்றால் வண்டி எங்கோ அடி வாங்கி, ஒரு சட்டம் முன்னும் ஒரு சட்டம் பின்னும் போயிருக்கிறது. தச்சர் கணக்கில் ஒரு அங்குலத்துக்கு 8 நூல். ஒரு நூல் என்பது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். எங்கள் சேஸில் வித்தியாசம் ஒரு நூல்தான். "இது ஒண்ணுமில்ல. ரெண்டு நூலத் தாண்டினாதான் யோசிக்கணும்" என்றார்.

பிறகு முறுக்கு. டியூப் மட்டத்தைச் சட்டங்களின் மேல் முன்னால், நடுவில், பின்னால் என மூன்று இடத்தில் பிடித்தார். மூன்று இடத்திலும் வலது பக்கம் ஒரே அளவு தாழ்ந்திருந்தது. அப்படியிருந்தால் தரையோ ஸ்பிரிங்கோ சாய்வு, சேஸ் நேர் என்று பொருள். முன்னால் வலது தாழ்ந்து பின்னால் இடது தாழ்ந்தால்தான் முறுக்கு. முறுக்கு ஏறிய சேஸை வைத்துக்கொண்டு தொட்டியைச் சரிசெய்ய முயல்வது, கால் ஆடும் மேசையின் மேல் தராசை வைத்து நிறுக்கிற வேலை.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்குக் கூடுதலாக ஒன்று செய்தார். சிறு சுத்தியலால் சட்டம் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். கணீரென்று கேட்டால் இரும்பு. பொத்தென்று கேட்டால் துரு. மூடிய பெட்டியாக உள்ள பாகங்களுக்குள் புகுந்த சேறு வெளியே வர வழியில்லாமல், ஈரத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளிருந்தே தின்னும். வெளியே அடித்த கறுப்புப் பெயிண்ட் இதை நன்றாக மறைத்துக் காட்டும். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வெள்ளம் பார்த்த வண்டியை வாங்குகிறவர்கள் ஒரு சுத்தியலையும் எடுத்துப் போவது நல்லது.

குற்றம் எங்கே இருந்தது?

கடைசியில் தொட்டியை அளந்தார். அங்கேதான் இருந்தது. மூலைக்கு மூலை 5 நூல் வித்தியாசம். துருத் தகட்டை வெட்டியபோது தொட்டியின் பிடிமானம் தளர்ந்து, கட்டம் சாய்சதுரமாகிவிட்டது. அதைக் கவனிக்காமல் புதுத் தகட்டை ஒரு பக்கத்திலிருந்து ஆரம்பித்து மறு பக்கம் வரை வெல்டிங் செய்துகொண்டே போயிருக்கிறார்கள். வெல்டிங் ஆறும்போது இரும்பு சுருங்கும், தன் பக்கம் இழுக்கும். கோணலான தொட்டியைக் கோணல் தெரியாமல் மாட்ட வேண்டுமே என்று போல்ட் துளைகளை நீளமாக ராவி, மொத்தமாக அரை அங்குலம் வலது பக்கம் தள்ளி மாட்டியிருந்தார்கள். அதனால்தான் தொட்டியின் இடது விளிம்பு டயர் மேல் வந்து உட்கார்ந்தது.

கண்ணாடி உடைந்ததற்கு ரப்பரும் கூட்டு. பின் ரப்பர் நசுங்கிய பழையது, முன் ரப்பர் புதிது. கேபினின் முன் பக்கம் 3 நூல் உயர்ந்துவிட்டது. முன் ரப்பருக்கும் பின் ரப்பருக்கும் சுமார் நாலடி தூரம்; பின் கண்ணாடியின் மேல் விளிம்பும் அதே நாலடி உயரம். அப்படியானால் கேபினின் தலை 3 நூல் பின்னால் சாய்ந்து தொட்டியின் முன் தட்டை நெருங்கிவிட்டது. ஏற்கெனவே இடைவெளி இல்லாத வலது பக்கத்தில் அந்த 3 நூல் போதுமானதாக இருந்தது.

எனவே வரிசை முக்கியம். முதலில் சேஸ், அடுத்து கேபின், கடைசியில் தொட்டி. கேபினோடு ஸ்டியரிங், கியர், கிளட்ச், கதவு எல்லாம் சம்பந்தப்பட்டவை. அதை நகர்த்த இடம் குறைவு. தொட்டிக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, எங்கு வேண்டுமானாலும் நகரும். நகராததை முதலில் உட்கார வைத்துவிட்டு, நகருவதை அதற்கு ஒப்ப வைப்பதுதான் முறை. கேபின் ரப்பர் மாற்றினால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். பழைய ரப்பருக்கு அடியில் இருந்த பேக்கிங் தகடுகளை எந்த மூலையில் எத்தனை இருந்தன என்று குறித்து வைக்க வேண்டும். நாங்கள் மசாலா கட்டும் கவரில் நம்பர் போட்டு வைத்தோம். போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகிவிட்டு, இரண்டு கதவும் விரலால் தள்ளினால் மூடுகிறதா என்று பார்த்த பிறகே இறுக்க வேண்டும்.

தொட்டிக்கு வெல்டிங் இரண்டு இடத்தில் வெட்டி, குறுக்காகச் சங்கிலி போட்டு இழுத்து, இரண்டு மூலைவிட்டமும் ஒன்றான பிறகு, எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றிப் பொட்டு வைத்து, ஒவ்வொரு பொட்டுக்கும் அளந்து, கடைசியில்தான் முழு வெல்டிங் செய்தார். மாட்டும்போது சேஸின் நடுக்கோட்டைச் சாக்பீஸால் வரைந்து, தொட்டியின் நடுவைக் கேபினுக்கு ஒப்பப் பார்க்காமல் அந்தக் கோட்டோடு சேர்த்தார். சேஸ் சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் புதிதாகத் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். பாரம் தாங்குவது அந்த விளிம்புகள்தான். அங்கே துளை போட்டால் விரிசல் அங்கிருந்தே கிளம்பும். இருந்த கம்பெனித் துளைகளையும் யூ போல்ட்டையும்தான் பயன்படுத்தினார். யூ போல்ட் இறுக்கும் இடத்தில் சட்டம் நசுங்காமலிருக்க உள்ளே ஒரு கட்டை கொடுத்தார். சைலன்சர் பக்கம் மட்டும் கட்டைக்குப் பதில் இரும்பு.

நடுவில் சந்து எதற்கு?

கேபினையும் தொட்டியையும் ஒன்றாகவே ஒட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்று எங்கள் தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனியே அதைச் செய்து பார்த்திருக்கிறது. 1961 முதல் 1963 வரை கேபினும் தொட்டியும் ஒரே உடலாக ஒரு பிக்கப் விட்டார்கள். பாரம் ஏற்றினால் கதவு சிக்குகிறது என்று புகார்கள் கிளம்பின. பிறகு மறுபடியும் தனித்தனியாகவே செய்ய ஆரம்பித்தார்கள். சேஸ் என்பது பாரத்திலும் பள்ளத்திலும் வளைந்து கொடுக்கும் பொருள். அது வளையும்போது கேபின் தன் ரப்பரில் ஒரு பக்கம் ஆடும், தொட்டி தன் போல்ட்டில் ஒரு பக்கம் ஆடும். அந்த ஆட்டத்துக்கு விட்ட இடம்தான் சந்து.

இதில் நம் வணிகர்கள் செய்யும் ஒரு தவறைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. சரக்கு அதிகம் ஏற்ற முன் தட்டை உயர்த்துகிறோம். தார்ப்பாய்க்குக் கம்பிச் சட்டம் வைக்கிறோம். உயரம் கூடக் கூட ஆட்டமும் கூடும். ஓரடி உயரத்தில் ஒரு நூல் ஆடுகிற தட்டு நாலடி உயரத்தில் 4 நூல் ஆடும். கீழே ஒரு அங்குலம் விட்டால் போதும் என்றாலும், உயர்ந்த தட்டுக்கு மேலே ஒன்றரை அங்குலமாவது வேண்டும். இதைவிட மோசம், கம்பிச் சட்டத்தைக் கேபின் கூரையோடு சேர்த்து வெல்டிங் வைப்பது. அப்படி வைத்தால் ஆட்டம் முழுவதும் கேபின் கூரைக்குப் போகும். கூரை தகடுதான், கிழியும்.

சந்து வேண்டும் என்று தொட்டியை இஷ்டத்துக்குப் பின்னால் தள்ளவும் கூடாது. ஒரு கணக்குப் பாருங்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் 100 அங்குலம் தூரம் என்று வைத்துக்கொள்வோம். 1,000 கிலோ சரக்கின் நடுப்புள்ளி பின் அச்சுக்கு 10 அங்குலம் முன்னால் இருந்தால், 100 கிலோ முன் சக்கரத்துக்குப் போகிறது. தொட்டியை 4 அங்குலம் பின் தள்ளினால் முன் சக்கரத்துக்குக் கிடைப்பது 60 கிலோதான். நடுப்புள்ளி அச்சுக்குப் பின்னால் 5 அங்குலம் போய்விட்டால் முன் சக்கரம் 50 கிலோ இழக்கிறது, பின் அச்சு 1,050 கிலோ சுமக்கிறது. ஸ்டியரிங் பூப்போல இலேசாகிவிட்டது என்று டிரைவர் சந்தோஷப்படுவார். மழையில் பல்லாவரம் மேம்பால இறக்கத்தில்தான் அதன் அர்த்தம் புரியும். பின் அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பாகம் முன் பின் சக்கர இடைவெளியில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மோட்டார் வாகன விதியும் சொல்கிறது.

சட்டம் என்றதும் இரண்டு வார்த்தை. இருந்ததை இருந்தபடி சரிசெய்வது வேறு. தொட்டியை மூடிய வேனாக்குவது, நீளத்தைக் கூட்டுவது வேறு. பின்னதற்கு 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதும் வண்டியில் உள்ளதும் வேறாக இருந்தால் எஃப்.சி.யிலும் சிக்கல், விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல். எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. உண்டு, 15 வயது தாண்டியவற்றுக்குக் கட்டணத்தை 2022 ஏப்ரல் முதல் மத்திய அரசு பல மடங்கு உயர்த்தியது. ஆகவே பழைய வண்டியைப் புதுப்பிக்கக் கணக்குப் போடுகிறவர்கள் பட்டறைச் செலவோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று: சேஸைத் தேய்த்துப் பெயிண்ட் அடிக்கும்போது சேஸ் நம்பர் கொத்திய இடத்தில் கிரைண்டர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நம்பர் தேய்ந்துபோனால் வண்டி உங்களுடையதுதான் என்று நிரூபிக்க நீங்கள் அலைய வேண்டும்.

பெயிண்டுக்கு முன்னால் மேஸ்திரி எங்களிடம் கேட்டது சரக்கு. "காலி வண்டி எல்லாமே நேராத்தான் நிக்கும் அண்ணாச்சி. மூட்டைய ஏத்துங்க" என்றார். கடையிலிருந்து 40 மூட்டை அரிசி போனது. 25 கிலோ மூட்டை, சரியாக ஒரு டன். (இப்போது செய்தால் 1,040 கிலோ ஆகிவிடும். 2022 ஜூலையில் 25 கிலோ வரையுள்ள பாக்கெட் அரிசிக்கு ஜி.எஸ்.டி. போட்டதும் 26 கிலோ மூட்டை வந்ததை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.) பாரத்தோடு சந்தை அளந்தார். டயருக்கும் விளிம்புக்கும் நடுவே கை நுழைகிறதா என்று பார்த்தார். பிறகு வலது முன் சக்கரத்தை மட்டும் ஒரு கட்டை மேல் ஏற்றி நிறுத்தி மறுபடியும் அளந்தார், அடுத்து இடது. இரண்டு முறையும் சந்து மூடவில்லை, கதவும் திறந்தது. அதன் பிறகே பெயிண்டர் உள்ளே வந்தார்.

கட்டையும் ரப்பரும் பாரத்தில் அமுங்கும் என்பதால் முதல் 500 கிலோமீட்டரில் எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்க வரச் சொன்னார். பணமில்லாத வேலை என்று நாங்கள் சோம்பியிருந்தோம். அவரே போன் செய்து வரவழைத்தார். யூ போல்ட்டுகள் ஒவ்வொன்றும் அரைச் சுற்று இறங்கின.

டிரைவர் கதவின் உள்பக்கம் மேஸ்திரி பெயிண்டில் எழுதிவிட்டுப் போனது இன்றும் இருக்கிறது: இடது 8 நூல், வலது 8 நூல். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தம்பி டேப்பைப் பிடித்துப் பார்த்து அதன் கீழே தேதியோடு குறித்து வைக்கிறான். இத்தனை வருடமும் மாறவில்லை. போன வாரம் பார்த்ததில் இடது 8, வலது 7. வண்டி வரும் திங்கட்கிழமை பெருங்களத்தூர் போகிறது.